கூனி காய்ந்த டென்னிஸ் கோர்ட்

பொன்னேரிப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் டென்னிஸ் பயிற்சி மையத்தில் போன மாதம் என்னைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். ஓய்வு பெற்ற மார்க்கருக்கு அதெல்லாம் கிடைப்பது அபூர்வம். போர்த்திய துண்டு வெயிலில் கசகசவென்றிருந்தாலும் கழற்றாமல்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போது அங்கே பயிற்சி கொடுக்கும் கார்த்திக் என்ற தம்பி போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"அண்ணே, இதப் பாருங்க. எதிராளி சர்வீஸ் போட பந்தைத் தூக்கினதும் இந்த ஆளு முன்னாடி ஓடி வந்து, பந்து தரையில பட்ட ஒடனே அடிக்கிறாரு. ஹாஃப் வாலி ரிட்டர்ன். இப்பதான் வந்திருக்கு. செம தைரியம் வேணும்ணே."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபமும் வந்தது. இப்பதான் வந்திருக்காம்! பழவேற்காட்டில் எங்கள் மனமகிழ் மன்றத்தில் தொப்பையும் சர்க்கரை வியாதியுமாக இருந்த சுகாதார ஆய்வாளர்கூட இதைத்தான் ஆடுவார். தைரியத்தால் அல்ல. அவருக்குப் பின்னால் கூனி காய்ந்துகொண்டிருக்கும்.

"இன்னாண்ணே சொல்றீங்க, கூனியா?" என்றான் கார்த்திக். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "இத அப்படியே எழுதிக் குடுங்கண்ணே, நம்ம மையத்தோட ஆண்டு மலர்ல போட்டுடலாம்" என்றான். அதனால் எழுதுகிறேன்.

நான் பழவேற்காட்டுக் கோட்டைக்குப்பத்துக்காரன். பெயர் வீராசாமி, ஆனால் வேலை பார்த்த காலம் முழுக்க 'மார்க்கர்' என்றுதான் கூப்பிட்டார்கள். மார்க்கர் என்றால் கிளப்பில் சம்பளத்துக்கு டென்னிஸ் ஆடுபவன். கோர்ட்டைக் கூட்டுவது, கோடு போடுவது, வலை கட்டுவது, மட்டைக்கு நரம்பு பின்னுவது, ஜோடி கிடைக்காத மெம்பருக்கு ஜோடியாக நிற்பது எல்லாம் அவன் வேலை. எங்கள் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். எனக்குப் படகில் ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும். சென்னையில் ஒரு பெரிய கிளப்பில் பந்து பொறுக்கப் போய், பொறுக்கிய இடத்திலேயே ஆடக் கற்று, சில வருஷம் இருந்தேன். "பந்து பொறுக்கறதுக்காடா உன்னப் பெத்தேன்?" என்று நைனா கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். ஊரில் மன்றம் ஆரம்பித்து மார்க்கர் வேண்டும் என்றதும் திரும்பி வந்துவிட்டேன். பணி ஓய்வு வரைக்கும் அதே ஒரு கோர்ட்தான்.

அந்தக் கோர்ட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிமெண்ட் தரை. ஒரு பக்கம் ரோடு, எதிர்ப்பக்கம் ஏரி. இடம் ஊருக்குச் சொந்தம். மன்றத்துக்கு அதைக் கொடுத்தபோது ஊர்ப் பெரியவர்கள் ஒரே ஒரு பேச்சுதான் பேசினார்களாம்: "வெயில் எங்குளுது, சாயங்காலம் உங்குளுது." அதாவது பகலெல்லாம் எங்கள் பெண்கள் அந்தச் சிமெண்டில் கருவாடும் கூனியும் காய வைப்பார்கள். கூனி என்பது பொடி இறால். சென்னாக்கூனி என்று சந்தையில் விற்பார்களே, அதுதான். மணலில் காய வைத்தால் மணல் ஒட்டும். வாங்குகிறவன் வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்புவான். சிமெண்டில் காய்ந்த கூனி சுத்தமாக இருக்கும். சுற்று வட்டாரத்தில் அவ்வளவு பெரிய சிமெண்ட் தரை வேறு கிடையாது. பசியாவரத்திலிருந்து படகில்கூடக் கூடையோடு வருவார்கள்.

சாயங்காலம் அவர்கள் கோர்ட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். செய்வார்கள். ஆனால் முழுக்க அல்ல. எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போய் ஏரிப்பக்கம் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் பட்டையில் பரப்பிவிடுவார்கள். பகல் முழுக்கக் காய்ந்த சிமெண்டின் சூடு பொழுது சாயும்வரை இறங்காது. அந்தக் கடைசிச் சூட்டில்தான் கூனி மொறுமொறுவென்று வரும், மூட்டையில் கட்டினாலும் பூசணம் பிடிக்காது என்பது அவர்கள் கணக்கு. ஆகவே ஏரிப்பக்கம் நின்று ஆடுகிறவருக்குக் கோட்டுக்குப் பின்னால், சர்வீஸ் போடப் பாதம் ஊன்றும் இடம் போக, ஒரு அடி வைக்கவும் இடம் கிடையாது. இதற்கு மன்றத்தில் ஒரு விதியும் இருந்தது. கூனியை மிதித்தால் பாயிண்ட் போச்சு.

டென்னிஸ் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எதிராளி வேகமாக சர்வீஸ் போட்டால், பின்னால் தள்ளி நின்று, பந்து விழுந்து எழும்பி வேகம் குறைந்து வருகிறவரை காத்திருந்து அடிப்பதுதான் உலக வழக்கம். எங்களுக்குத் தள்ளி நிற்க இடமில்லை. அப்படியானால் ஒரே வழி, முன்னால் போய்விடுவது. பந்து தரையில் பட்டு எழும்புகிற அந்தக் கணத்திலேயே மட்டையைக் கொடுத்துவிடுவது. ஹாஃப் வாலி என்று பெரிய கிளப்பில் பெயர் சொல்வார்கள். எங்கள் ஊரில் அதற்குப் பெயரே கிடையாது. 'எடுக்கறது' என்போம், அவ்வளவுதான்.

எப்படி எடுப்பது? மட்டையைப் பின்னால் இழுக்கவே கூடாது. இழுத்தவன் தொலைந்தான். முழங்கால் மடங்க வேண்டும், இடுப்பு அல்ல. மட்டையின் தலை தரையை உரசுகிற மாதிரி தாழ்ந்து, மணிக்கட்டு இறுகி, மட்டையின் முகம் கொஞ்சம் கவிழ்ந்து இருக்க வேண்டும். வேகத்தை நாம் கொடுக்க வேண்டியதில்லை, போட்டவர் கொடுத்த வேகமே போதும். பந்து தரையில் படும் சத்தமும் மட்டையில் படும் சத்தமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி 'டடக்' என்று கேட்டால் சரியாக எடுத்தாய் என்று அர்த்தம். டக், டக் என்று தனித்தனியாகக் கேட்டால் தாமதம். எடுத்த பிறகு நிற்கக் கூடாது. அப்படியே வலையை நோக்கி நடந்துவிட வேண்டும். போட்டவர் நிமிர்வதற்குள் பந்து அவர் காலடியில் இருக்கும், நீ அவர் எதிரில் இருப்பாய். பாதி சர்வீஸுக்கு ஏமாறுவாய், அது வேறு விஷயம்.

இந்த ஷாட்டை நான் மற்ற எல்லோரையும்விட நன்றாக எடுப்பேன். அதனாலேயே எனக்கு அது தடை செய்யப்பட்டது.

தடை செய்தவர் மன்றச் செயலாளர் அருளானந்தம் சார். மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. என்னைக்கூட 'வாங்க போங்க' என்றுதான் பேசுவார். ஏதாவது பிடிக்கவில்லை என்றால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். துடைப்பது நீள நீளக் கோபம் அதிகம் என்று அர்த்தம். தினமும் ஆட்டம் ஆரம்பிக்கும் முன் ஒரு மூங்கில் குச்சியை வலை நடுவில் நிறுத்திப் பார்ப்பார். குச்சியில் அவர் கத்தியால் கீறிய கோடு இருக்கும். வலை அந்தக் கோட்டுக்கு ஒரு நூல் மேலே இருந்தாலும் குச்சியோடு அங்கேயே நிற்பார். நான் ஓடிப்போய்க் கயிற்றைத் தளர்த்த வேண்டும். ஆட்டம் முடிந்து மெம்பர்கள் கிளம்பும்போது ஒவ்வொருவரையும் ரோடு வரைக்கும் போய் வழியனுப்புவார், கல்யாண வீட்டில் செய்வது மாதிரி.

நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் தபால் நிலைய அதிகாரியின் சர்வீஸை நாலு தடவை தொடர்ந்து அவர் காலடியிலேயே எடுத்துப் போட்டேன். அவர் குதித்த குதியில் எல்லோரும் சிரித்தார்கள். ஆட்டம் முடிந்ததும் அருளானந்தம் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"வீராசாமி, நீங்க எடுக்கறது ரொம்ப நல்லாருக்கு. ஆனா நாள் முழுக்க வேலை பாத்துட்டு ரெண்டு பந்து தட்டலாம்னு வர்றாரு மனுஷன். அவரு சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போகணும். மத்தவங்க அவர் மேல பாயலாம், அவங்க மெம்பர். நீங்க மார்க்கர். மெத்துனு எடுத்து, அவரு கைக்கு வசதியா வைங்க."

அன்றிலிருந்து மெத்தென்று எடுத்தேன், வருஷக்கணக்காக. நான் முழு வேகத்தில் எடுத்தால் எப்படி இருக்கும் என்று பாதி மெம்பர்களுக்குத் தெரியவே தெரியாது. அது எனக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டேதான் இருந்தது. பொய் சொல்வானேன்.

நடுவில் ஒரு கூத்து. பொன்னேரியில் ஊழியர்களுக்கான போட்டிக்கு எங்கள் மன்றத்திலிருந்து இரட்டையருக்குப் போனார்கள். நான் பை தூக்கிக்கொண்டு கூடப் போனேன். அங்கே கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு லாரி நிறுத்தலாம், அவ்வளவு இடம். எங்கள் சுகாதார ஆய்வாளரும் மின்வாரியத்துக்காரரும் நேராகப் போய் சர்வீஸ் கட்டத்தை ஒட்டி நின்றுகொண்டார்கள். எதிர்ப்பக்கம் சர்வீஸ் போட வந்தவருக்கு முகம் சிவந்துவிட்டது. "என் சர்வீஸைப் பார்த்தா கிண்டலா இருக்கா? பின்னால போங்க சார்!" என்று கத்தினார். எங்கள் சுகாதார ஆய்வாளர் திரும்பிப் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரொம்ப ஆச்சரியமாக, "ஆமாய்யா, ஒண்ணும் காயல!" என்றார். அப்புறமும் இரண்டு பேரும் நகரவில்லை. பழகிய கால் எங்கே நகரும்? முதல் சுற்றிலேயே தோற்று, மசால் தோசை சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

இனி அந்தப் பெரிய ஆட்டத்தைச் சொல்கிறேன்.

பத்மநாபன் சார் வெளி மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி. எந்தத் துறை என்பது வேண்டாம். நெட்டையான மனிதர், கல்லூரி நாட்களில் கோப்பைகள் வாங்கியவர். அவருடைய சர்வீஸ் மாதிரி ஒன்று எங்கள் சிமெண்டில் அதுவரை விழுந்ததில்லை. முதல் நாளே ஏரிப்பக்கம் நின்றவர், சர்வீஸ் எடுக்க வழக்கம்போலப் பின்னால் போனார். ஷூவோடு நேராகக் கூனிக்குள். 'பாயிண்ட் போச்சு சார்' என்றார்கள்.

"இது என்ன ரூல்? எந்தப் புஸ்தகத்துல இருக்கு?" என்றார் அவர்.

அதற்குள் என் அக்கா தேவகி மன்றச் சுவர் ஓரத்திலிருந்து எழுந்து வந்துவிட்டாள். அன்றைக்கு அவர் மிதித்தது அவளுடைய கூனி. புருஷன் போன பிறகு அந்தக் கூனியை வைத்துத்தான் இரண்டு பெண்களை வளர்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார் இது? நீ துன்ற சோத்துல நான் செருப்போட ஏறி நின்னா சும்மா இருப்பியா? இத யாரு சார் இனிமே துன்றது?"

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. மட்டையை உறையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆனால் அடுத்த கூட்டத்தில் விஷயத்தை எடுத்தார். அவர் பேசியதில் தப்பு இருந்ததாகச் சொல்ல மாட்டேன். சுற்றிலும் கம்பி வேலி போடலாம், விளக்கு போடலாம், நானே முன்னால் நின்று ஏற்பாடு செய்கிறேன், ஆனால் கருவாட்டைப் பின்னால் வைத்துக்கொண்டு டென்னிஸ் ஆட முடியாது, இனிமேல் பகலிலும் உள்ளே விடாதீர்கள் என்றார். விளக்கு என்றதும் மெம்பர்களில் பாதிப் பேருக்குக் கண் மின்னியது.

ஐப்பசி பிறந்திருந்தது. மழை இறங்குவதற்குள் காய வைத்து மூட்டை கட்டினால்தான் கார்த்திகை, மார்கழி ஓடும். கரை மணல் ஏற்கெனவே ஈரம். சிமெண்டும் இல்லை என்றால் பிடித்த கூனி அழுகும், அல்லது கோழித் தீவனத்துக்குப் போகும். தேவகி அக்காவுக்கும் அவளோடு காய வைக்கிற பெண்களுக்கும் வேறு தரை கிடையாது. கூட்டத்தில் இதைச் சொல்ல மார்க்கருக்கு வாய் கிடையாது. நான் தண்ணீர் டம்ளர் வைத்துக்கொண்டிருந்தேன்.

அருளானந்தம் சார்தான் சொன்னார்: "இடம் குடுத்தப்ப ஊரோட பேசின பேச்சு ஒண்ணு இருக்குங்க."

"பேச்சு இருக்கட்டும் சார். பின்னால நிக்க இடமில்லாம ஒரு நல்ல சர்வீஸை எடுக்கவே முடியாது. நீங்க ஆடறது டென்னிஸே இல்ல. முடியும்னு யாராவது ஆடிக் காட்டட்டும், நான் இதப் பத்திப் பேசறத நிறுத்திக்கறேன்."

அருளானந்தம் சார் கண்ணாடியைக் கழற்றினார். ரொம்ப நேரம் துடைத்தார். மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"வீராசாமி, நாளைக்கு சாயங்காலம் சாரோட ஒரு செட் ஆடுங்க."

கூட்டம் கலைந்து நான் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். "மெத்துனு வேண்டாம்" என்றார்.

வீட்டில் தேவகி அக்கா எனக்குச் சோறு போட்டபடியே கேட்டாள்: "நீ தோத்துகினு வந்தா நான் கூனிய எங்கடா கொட்றது, உன் தலையிலயா?" கேட்டுவிட்டு ஒரு கரண்டி குழம்பு கூடுதலாக ஊற்றினாள்.

மறுநாள் சுவர் ஓரம் முழுக்கப் பெண்கள். கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் ஆரம்பித்தது. ஆரம்பத்தில் நான் வாங்கிய அடியைச் சொல்லி மாளாது. முன்னால் நின்றால் பந்து மட்டையைத் தாண்டிப் போகிறது. பட்டால் மெத்தென்று போய் அவர் கைக்கு வசதியாக விழுகிறது, அவர் ஓங்கி அடிக்கிறார். வருஷக்கணக்கில் பழக்கிய கை! 'மெத்துனு வேண்டாம்' என்று வாய் சொன்னால் கை கேட்குமா? எனக்குப் பயம் வந்துவிட்டது. என்னை அறியாமல் ஒரு அடி பின்னால் வைத்தேன். குதிகாலில் கூனி நெருடியது. வெடுக்கென்று காலை இழுத்தேன். பாயிண்ட் போச்சு. தேவகி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு ரோஷம் வந்தது. அடுத்த சர்வீஸுக்கு இன்னும் ஒரு எட்டு முன்னால் போய், கிட்டத்தட்ட சர்வீஸ் கட்டத்தின் கோட்டிலேயே நின்றேன். தோற்பதானால் இங்கே நின்று தோற்போம் என்று. அவர் பந்தைத் தூக்கினார். நான் முழங்காலை மடக்கினேன். டடக்.

பந்து அவர் கால் கட்டைவிரலுக்கு நேராகப் போய் விழுந்தது. அவர் இன்னும் கையைச் சுழற்றி முடித்திருக்கவில்லை. குனிந்து பார்த்தார். அருளானந்தம் சார் கண்ணாடியைத் தொடவில்லை, கவனித்தேன்.

அப்புறம் ஆட்டம் ஆட்டமாக இருந்தது. அவர் உடம்பை நோக்கிப் போட்டார், அகலமாகப் போட்டார், சுழற்றிப் போட்டார். நான் சிலதை விட்டேன், நிறைய எடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு சாயங்காலம் நான் யாருக்கும் சம்பளக்காரனாக இருக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு ஆட்டத்தில் வந்ததில்லை.

கடைசி கேம். அவர் சர்வீஸ். இப்போது அவர் ஏரிப்பக்கம், நான் ரோட்டுப் பக்கம். இந்தப் பாயிண்டை நான் எடுத்தால் செட் என்னுடையது, விட்டால் அவர் மேலே ஏறி வந்துவிடுவார். என் பின்னால் இடம் தாராளமாகக் கிடந்தது, ரோட்டுப் பக்கம் கூனி கிடையாது. தள்ளி நின்றிருக்கலாம். எனக்குத் தோன்றவேயில்லை. பொன்னேரியில் அவர்கள் நின்ற மாதிரியே நானும் முன்னால்தான் நின்றேன்.

அவர் போட்ட சர்வீஸ்களிலேயே வேகமானது அதுதான். எடுத்தேன். கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. அவர் கடைசிக் கோட்டின் மேல், அவர் இரண்டு காலுக்கும் நடுவே இறங்கியது. அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரே ஒரு எட்டு பின்னால் வைத்தால் பந்து இடுப்பளவு வந்து நிற்கும், அந்தக் கைக்கு அது வெல்லக்கட்டி. மிதித்தால் பாயிண்ட் போகும் என்ற விதியை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. மிதித்துவிட்டுச் சண்டை போட்டிருக்கலாம், பாதி மெம்பர்கள் அவர் பக்கம் பேசியிருப்பார்கள்.

அவருடைய வலது கால் மேலே எழுந்தது. பின்னால் போனது. கூனிக்கு மேலே ஷூ அந்தரத்தில் நின்றதை நான் வலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அப்படியே திரும்பி வந்து கோட்டுக்குள் ஊன்றியது. அதற்குள் தாமதம். பந்து மட்டையின் விளிம்பில் பட்டு, செங்குத்தாக மேலே போய், அவருக்குப் பின்னால் கூனிக்கு நடுவில் விழுந்தது.

யாரும் கைதட்டவில்லை. தேவகி அக்கா வெறுங்காலோடு ஓரமாக நடந்து போய்ப் பந்தை எடுத்தாள். முந்தானையில் துடைத்து அவரிடம் நீட்டினாள்.

"இந்தா சார், உன் பந்து."

அவர் வாங்கிக்கொண்டார். அருளானந்தம் சார் போய், "பின்னால போயிருந்தா எடுத்திருப்பீங்க சார்" என்றார்.

"எடுத்திருப்பேன். கால் வரல" என்றார் பத்மநாபன் சார். அப்புறம் என்னிடம் வந்து கை கொடுத்துவிட்டு, "நாளைக்கும் வருவேன். இதே மாதிரி ஆடணும்" என்றார். தோற்றிருந்தாலும் சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்குப் போனார். அருளானந்தம் சார் ரோடு வரைக்கும் போய் வழியனுப்பினார்.

வேலி வந்தது, விளக்கும் வந்தது. சொன்னபடி பத்மநாபன் சாரே முன்னால் நின்று செய்து கொடுத்தார். ஏரிப்பக்கம் மட்டும் வேலி கிடையாது, கூடை கொண்டுவர வழி வேண்டுமே. இன்றைக்கும் அங்கே பகலில் போனால் கோர்ட் முழுக்கக் கூனி காய்வதைப் பார்க்கலாம். தேவகி அக்காவின் மூத்த பெண்தான் இப்போது அதட்டிக்கொண்டு நிற்பாள்.

பத்மநாபன் சார் மாற்றலாகிப் போன பிறகு அவரைப் பற்றித் தகவலே இல்லை. எனக்கும் ஓய்வு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் டென்னிஸ் வலை மாற்ற ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போனேன். நீலக் கோர்ட், பளபளவென்று, பின்னால் கல்யாணப் பந்தல் போடும் அளவுக்கு இடம். நாலு பெரியவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். முடியட்டும் என்று வேலிக்கு வெளியே நின்றேன். அதில் ஒருவர் நெட்டையானவர், தலை முழுக்க வெள்ளை, முழங்காலில் பட்டை. சர்வீஸ் எடுக்க வந்தவர் கட்டத்தை ஒட்டிப் போய் முழங்காலை மடக்கி நின்றார். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

பந்து அவரைத் தாண்டிப் போனது. அடுத்ததும் போனது. அவருடைய ஜோடி பொறுமை இழந்துவிட்டார்.

"சார், முட்டி வலின்னு சொல்றீங்க. பின்னால இவ்வளவு இடம் கிடக்குது, தள்ளி நின்னு எடுக்கலாமில்ல?"

பத்மநாபன் சார் தலையைத் திருப்பி அந்த வெறும் இடத்தை ஒரு தடவை பார்த்தார்.

"வேணாம்ப்பா" என்றார். "காயுது."